சேலம் குகைப் பகுதியில் ஒரு பழைய வீட்டை இறக்கிய கணக்கு

பழைய வீட்டை இடிக்க எவ்வளவு ஆகும் என்று யாராவது கேட்டால் இனி நான் ஒரு தொகையைச் சொல்லப் போவதில்லை. வீட்டிலிருந்து என்னென்ன முழுதாக இறங்கும், இடிந்த மண் எங்கே போகும் என்று இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். கூலி அதற்குப் பிறகுதான். சேலத்தில் குகை என்னும் பகுதியில் எங்கள் தாத்தா காலத்து வீட்டை இறக்கி மனையைச் சமப்படுத்திவிட்டோம். இதே வேலை முன்னால் நிற்பவர்களுக்கு உதவும் என்று ஆரம்பத்திலிருந்து எழுதி வைக்கிறேன்.

மனை 20 அடி அகலம், 60 அடி நீளம். முன்பக்கம் 24 அடிக்கு மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக் கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய காலத்துத் தளம். அதன் பின்னால் 22 அடிக்குச் சீமை ஓட்டுக் கூரை. அந்தப் பகுதியின் ஒரு மூலையில் பிற்காலத்தில் கட்டிய 10க்கு 12 கான்கிரீட் சமையலறை. கடைசியில் 14 அடி புழக்கடை. தெருவில் எல்லா வீடுகளும் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. எங்களுக்கு வடக்கே பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். தெற்குச் சுவர் மட்டும் முழுக்க எங்களுடையது.

தை பிறந்ததும் ஆரம்பிப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். சித்திரையில் சேலத்தில் மாலை மழை இடியோடு வரும். அதற்குள் பொதுச்சுவரின் திறந்த பக்கத்தைப் பூசியாக வேண்டும். தள்ளிப் போட்டால் ஆடி வந்துவிடும். மாரியம்மன் திருவிழாவில் அலங்கரித்த வண்டிகள் ஊர்வலம் போகும் வண்டி வேடிக்கை நேரத்தில் குகைத் தெருக்களுக்குள் டிராக்டரைக் கொண்டுவரும் பேச்சே கிடையாது.

விலை கேட்டதில் மூன்று வகையான பதில்கள் வந்தன. முதலாமவர், "வீட்டில் இருப்பதெல்லாம் எங்களுக்கு, தரைமட்டம் ஆக்கிவிட்டு உங்கள் கையில் 40,000 ரூபாய் தருகிறோம்" என்றார். இரண்டாமவர் மரத்தை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி 85,000 கேட்டார். மூன்றாவது வழி, மேஸ்திரியை வைத்து நாள்கூலிக்குப் பிரிப்பது. பணம் தருகிறேன் என்பவரை விட்டுவிட்டு நாமே செலவு செய்வதா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். ஆனால் அந்த மனிதர் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது நிமிர்ந்து டெரஸின் அடிப்பக்கத்தை மட்டுமே பார்த்தார். பொதுச்சுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. நாள்கூலிக்குப் போனோம்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சியில் இடிப்புக்கான விண்ணப்பம், மின்வாரியத்தில் மீட்டரைக் கழற்றித் தற்காலிக இணைப்பு, குடிநீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் தெருமுனையிலேயே அடைப்பது. எல்லாம் சேர்ந்து 5,000. சாக்கடைக் குழாயை அடைக்காமல் ஆரம்பித்தால் ஜல்லியும் சுண்ணாம்பும் உள்ளே போய்த் தெரு முழுக்க அடைத்துக்கொள்ளும்.

முதலில் பொதுச்சுவர். மேலே கை வைப்பதற்கு முன்பே எங்கள் பக்கப் பூச்சை நாலைந்து இடங்களில் கொத்திப் பார்க்கச் சொன்னேன். எங்கள் டெரஸின் உத்திரக் கட்டைகள் வீட்டின் நீளவாக்கில் குறுக்குச் சுவர்கள் மேல் உட்கார்ந்திருந்தன. பொதுச்சுவர் மேல் எங்கள் பாரம் அவ்வளவாக இல்லை. பக்கத்து வீட்டின் கட்டைகளோ அதன் மேல்தான் இருந்தன. 14 அங்குலச் சுவரின் முழு அகலத்துக்கும் வந்து, எங்கள் பக்கப் பூச்சுக்கு அடியிலேயே அவற்றின் வெட்டுமுகம் தெரிந்தது. அந்தச் சுவரை ஒரு கல் அசைத்தாலும் அவர்கள் கூடத்தின் கூரைதான் பதில் சொல்லும். பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைத்துக் காட்டினேன். "பெரியப்பா, இந்தச் சுவரை நாங்கள் தொடவே மாட்டோம். எங்கள் புதுச் சுவர் இதை ஒட்டித் தனியாக வரும்" என்றேன். அவர் கட்டையின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இப்படி இருக்கிறது என்று எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்" என்றார். இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அவர் வீட்டுக்குள் ஏற்கெனவே இருந்த விரிசல்களையெல்லாம் தேதியோடு படம் எடுத்தோம். அந்த விரிசல்களுக்குக் குறுக்கே அரை அடி நீளக் கண்ணாடிப் பட்டைகளை இரு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டினோம். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடிக் கடையில் வெட்டி எறிந்த துண்டுகளே இதற்குப் போதும்.

அடுத்தது ஓடு. ஒருவர் கூரை மேல், ஒருவர் ஏணியில், ஒருவர் கீழே என்று கைமாற்றி இறக்கினார்கள். 320 சதுர அடிக் கூரையில் 400 ஓடுகள் முழுதாகக் கிடைத்தன. ஓட்டைத் தாங்கும் ரீப்பர்ச் சட்டமெல்லாம் விறகு; அதற்கு அடியிலிருந்த கைமரத்தில் பாதி தேறியது.

டெரஸைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணமும் ஆபத்தும் அங்கேதான் இருந்தன. மெட்ராஸ் டெரஸ் என்பது உத்திரக் கட்டைகளுக்கு மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாட்டமாக, நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியது. அதன் மேல் சுண்ணாம்பில் குழைத்த செங்கல் ஜல்லி. அதற்கும் மேல் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. எங்கள் வீட்டில் மொத்தக் கனம் 8 அங்குலம். 480 சதுர அடிக்கு 320 கன அடி. கன அடிக்கு 54 கிலோ என்று வைத்துக்கொண்டால் 17 டன் நம் தலைக்கு மேலே நிற்கிறது. இதை ஜேசிபி கையால் தட்டிச் சரித்தால் அரை நாள் வேலை; கட்டைகளும் சேர்ந்தே முறிந்து விழும். நாற்பதாயிரம் தருகிறேன் என்பவர்கூட இதைக் கையால்தான் பிரித்திருப்பார். அவருடைய லாபமே அந்தக் கட்டைகளில்தான்.

கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் பிரித்தோம். முதலில் தட்டோடு, பிறகு ஜல்லி. ஜல்லியைச் சுரண்டச் சுரண்டச் சட்டியில் வாரி உடனே கீழே இறக்கிவிட வேண்டும். மேலேயே குவித்து வைத்தால் பாரம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். இரண்டு கட்டைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கண்ணம் என்பார்கள்; கீழே ஒவ்வொரு கண்ணத்துக்கும் சவுக்குக் கம்பும் இரும்பு ஜாக்கியும் முட்டுக் கொடுத்திருந்தோம். ஆட்கள் செங்கல் மேல் நிற்கவே கூடாது. கட்டைகளுக்குக் குறுக்கே போட்ட பலகை மேல்தான் நிற்க வேண்டும். ஒரு கண்ணம் முழுவதையும் ஒரு முனையிலிருந்து பிரித்துக்கொண்டே வந்து, அது முடிந்த பிறகுதான் அடுத்தது. வேலை நடக்கும்போது கீழே ஆள் நடமாட்டம் கூடாது என்று கயிறு கட்டியிருந்தோம். இளைஞர் ஒருவர் வேகமாக முடிக்கலாம் என்று கடப்பாரையோடு மேலே ஏறினார். "கடப்பாரையைக் கீழே வை. கொத்துக் கரண்டியும் சுத்தியலும் போதும்" என்று மேஸ்திரி தடுத்தார். காரணம் அன்று மாலையே தெரிந்தது. சுண்ணாம்புக் கட்டு ஒரு கல் தளர்ந்தால் பக்கத்திலுள்ள ஏழெட்டுக் கற்களையும் விட்டுவிடுகிறது. கடப்பாரையால் நெம்பினால் எவ்வளவு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கட்டைகளைச் சுவரிலிருந்து உருவுவதில்தான் நேரம் போனது. நேராக இழுத்துப் பார்த்தோம்; அசையவில்லை. இரு பக்கமும் நெம்பியதில் முதல் கட்டையின் நுனி பிளந்தது. அதன் பிறகு கட்டைக்கு மேலே இரண்டு வரிசைக் கல்லை எடுத்துவிட்டுத் தூக்கி இறக்கினோம். 4 அங்குலம், 6 அங்குலம், 12 அடி நீளம். ஒரு கட்டை சரியாக 2 கன அடி. மொத்தம் 26 கட்டைகள். சுவருக்குள் புதைந்திருந்த நுனிகள் ஈரத்தாலும் கறையானாலும் அரை அடிக்கு உளுத்திருந்தன. இரு முனையும் அறுத்த பிறகு 11 அடி நின்றது; அதாவது 1.83 கன அடி. நான்கு கட்டைகள் நடுவிலும் கெட்டுப்போய் விறகுக்குப் போயின. ஐந்தைக் கதவுக்கென்று வைத்துக்கொண்டோம். மீதி 17.

பழைய மரம் வாங்கும் வியாபாரி வந்ததும் மொத்தமாக 25,000 என்றார். கன அடிக் கணக்கில்தான் கொடுப்பேன் என்றேன். இழைத்தால் தேய்மானம் போகும் என்று 4க்கு 6ஐ மூன்றரைக்கு ஐந்தரை என்று டேப்பில் பிடித்தார். கேட்பதற்குச் சிறிய விஷயம்தான். ஆனால் கட்டைக்கு 1.83 என்பது 1.47 ஆகிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். எங்கள் தச்சர் ஒரு கட்டையை எடுத்து ஒரு சாண் நீளத்துக்கு இழைப்புளி ஓட்டினார். சுண்ணாம்பும் புகையும் படிந்து கறுத்திருந்த தோலுக்கு அடியில் ரேகை நெருக்கமாக ஓடும் தேக்கு, எண்ணெய்ப் பசையோடு, வெட்டியது நேற்றுதான் என்பது போன்ற வாசனையோடு வெளியே வந்தது. பேரம் அத்துடன் முடிந்தது. முழு அளவுக்கு 31 கன அடி, கன அடிக்கு 1,500 வீதம் 46,500. மரத்தை விற்பதற்கு முன் ஒரு சாண் இழைத்துக் காட்டுங்கள்.

பிறகு சுவர்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் செங்கல் முழுதாகக் கழன்று வரும். வேலை செய்த சித்தாள் அக்கா ஒருவர் தேய்ந்துபோன அரிவாளின் முதுகை வைத்துக்கொண்டு, கல்லை இடக்கையில் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் தட்டுவார். சாந்து தோல் உரிவது மாதிரி கழன்று விழும். கடைசியாக ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் அடுக்குக்குப் போகும், மந்தமாகக் கேட்டால் உள்விரிசல், ஜல்லிக் குவியலுக்குப் போகும். கூலிக்கு மேல் சுத்தம் செய்த கல்லுக்கு ஒரு ரூபாய் என்று தனியாகக் கொடுத்தோம். 6,000 கற்கள் தேறின. சமையலறையில் சிமென்டில் கட்டிய கற்களை அதே அரிவாளால் தட்டினால் சாந்து போகவில்லை, கல்தான் உடைந்தது. அந்தச் சுவரில் ஒரு கல்லைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

இடிபாட்டுக் கணக்குக்கு வருகிறேன். பெரும்பாலான மதிப்பீடுகள் இங்கேதான் தவறுகின்றன. நம் பக்கத்தில் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. எங்கள் சுவர், டெரஸ், சமையலறை எல்லாம் நின்ற நிலையில் 19 யூனிட். ஒரு சிறிய வீடுதான். எடையில் நூறு டன். அதிலிருந்து முழுக்கற்களாக 4 யூனிட் தனியே போய்விட்டது. மிச்சம் 15 யூனிட் என்று நினைத்தால் தவறு. உடைந்த பிறகு இடையில் காற்றுப் புகுந்து ஒன்றுக்கு ஒன்றரையாக உப்புகிறது. 22 யூனிட் குவியல். எங்கள் சந்துக்குள் டிப்பர் லாரி வராது. டிராக்டர் டிரெய்லரில் ஒரு நடைக்கு ஒரு யூனிட். ஏற்றி இறக்க 1,100.

இடம் வேண்டுமே என்று முதலில் வெளியே அனுப்ப ஆரம்பித்தோம். ஒரு டிராக்டர்க்காரர் நடைக்கு 300 குறைத்துக்கொள்கிறேன், இரவில் ஏரிக்கரையில் கொட்டிவிடலாம் என்றார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சேலத்தில் ஏரிகள் போனதும் திருமணிமுத்தாறு சுருங்கியதும் இப்படி முந்நூறு முந்நூறாக மிச்சம் பிடித்ததிலும்தான். கொண்டலாம்பட்டிப் பக்கம் பள்ளமான மனைக்கு மண் தேடிக்கொண்டிருந்தவர் ஒருவர் கிடைத்தார். அவர் இடத்தில் இறக்கினோம். அப்போது நடப்பிலிருந்த 2016ஆம் ஆண்டின் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளில் ஒரே நாளில் 20 டன் அல்லது அதற்கு மேல் வெளியேற்றுபவருக்குத் தனிக் கடமைகள் இருந்தன. ஒரு டிரெய்லர் மூன்றரை டன் வரும். அதனால் ஒரு நாளைக்கு ஐந்து நடைக்கு மேல் அனுப்பவில்லை.

எட்டு நடை போயிருந்தபோது, புது வீட்டுக்கான அஸ்திவார அளவைப் பார்க்க வந்த கொத்தனார், "அண்ணா, இதை வெளியே அனுப்பிவிட்டு நாளைக்குக் கிராவல் வாங்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். தெருவில் சாலை மேல் சாலையாகப் போட்டுப் போட்டு எங்கள் பழைய தரை தெருவுக்குக் கீழே போயிருந்தது. புது வீட்டின் தரையைத் தெருவிலிருந்து 3 அடி உயர்த்த வேண்டும். அதற்கு நிரப்பும் கிராவல் மண் ஒரு யூனிட் 2,800. அன்றோடு டிராக்டரை நிறுத்தினோம். மீதி 14 யூனிட்டும் புழக்கடையில் 5 அடி உயரத்துக்கு ஏறி உட்கார்ந்தது. 20க்கு 14 இடம் அதற்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது.

இடிபாட்டை அப்படியே தரைக்குள் கொட்டிவிடக் கூடாது. கைப்பிடி அளவுக்கு மேலிருக்கும் கட்டிகளை உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் பொந்து விழுந்து பின்னாளில் தரை இறங்கும். மரத்துண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது, அது கறையானுக்கு அழைப்பு. அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டியாக்க வேண்டும். கறையான் மருந்துக்குக் குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர்.

சமையலறைத் தளத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் மட்டும் ஜேசிபி. சாதாரண வேலைக்கு மணிக்கு 1,300, பிரேக்கர் மாட்டினால் 2,000. ஏழு மணி நேரமும் மூன்று மணி நேரமுமாக 15,100. தளத்தில் 150 கிலோ கம்பி கிடைத்தது. அஸ்திவாரக் கருங்கல்லை விற்கவில்லை. புது வீட்டு அடிமட்டத்துக்கே போகிறது. கூடத்தின் சிவப்புத் தரைக்கு அடியில், கைத்தறி நெய்பவர் கால் வைக்கும் பழைய தறிக்குழி ஒன்று தளர்ந்த மண்ணால் மூடிக் கிடந்தது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் இதை எதிர்பார்த்தே தோண்ட வேண்டும். கெட்டித் தரை வரும்வரை அதைத் தோண்டி எடுத்தோம்.

பொதுச்சுவரிலிருந்து நான்கு அடி தள்ளி ஜேசிபி வேலை செய்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து பெரியவர் வந்து ஒரு கண்ணாடிப் பட்டை உடைந்துவிட்டது என்றார். வண்டியை உடனே நிறுத்தினோம். சுவரை ஒட்டிய அஸ்திவாரத்தை அதன் பிறகு கையால்தான் எடுத்தோம், அதுவும் ஒரே நீளமாக இல்லை. நான்கு அடி எடுப்பது, நான்கு அடி விடுவது. எடுத்த இடத்தைக் கல் வைத்து அடைத்த பிறகு விட்ட இடத்துக்கு வருவது. மற்றப் பட்டைகள் கடைசிவரை உடையவில்லை. பிறகு பழைய செங்கல்லால் மூன்று முட்டுத் தூண்கள் கட்டி, 460 சதுர அடிக்குக் கோழி வலை அடித்து, ஒன்றுக்கு ஆறு சிமென்ட் பூச்சு. 21,000. இதில் ஒரு ரூபாயைக்கூட நான் கூடுதலாக நினைக்கவில்லை.

கணக்கு இதுதான். காகித வேலை 5,000, கூலி 62,000, கல் சுத்தம் 6,000, ஜேசிபி 15,100, டிராக்டர் 8,800, முட்டு வாடகையும் பச்சை வலையும் தார்ப்பாயும் 7,500, பொதுச்சுவர் 21,000. மொத்தம் 1,25,400. வந்தது: தேக்கு 46,500, உள்கதவுகளும் சன்னல்களும் 14,000, ஓடு 3,600, கல் 3,000க்கு நான்கு ரூபாய் வீதம் 12,000, இரும்பு 4,800. மொத்தம் 80,900. கைவிட்டுப் போனது 44,500. வாங்காமல் விட்ட 14 யூனிட் கிராவலைக் கழித்தால் 5,300. அந்த நாற்பதாயிரத்தை வாங்கியிருந்தால் பொதுச்சுவர் 21,000மும் கிராவல் 39,200மும் எங்கள் தலையில் விழுந்து 20,200 போயிருக்கும். வாசல் கதவும், ஐந்து கட்டைகளும், 3,000 கல்லும், அஸ்திவாரக் கல்லும் சேர்ந்தே போயிருக்கும்.

இன்னொரு முறை செய்வதாக இருந்தால் புது வீட்டின் தரைமட்டத்தை முடிவு செய்துவிட்டுத்தான் பழைய வீட்டின் முதல் ஓட்டை எடுப்பேன். பொதுச்சுவர்ப் பக்கம் எட்டடிக்குள் ஜேசிபியை விடமாட்டேன். கட்டைகளை இறக்கிய அன்றே நுனியை அறுத்து, தரையில் படாமல் கல் மேல் அடுக்கி வைப்பேன். விறகுக்குப் போன நான்கு கட்டைகளில் ஒன்று இரண்டு வாரம் மண்ணில் கிடந்ததில்தான் முழுக்கக் கெட்டது. சித்தாளுக்கு 500, ஆண் கூலியாளுக்கு 850 என்பது ஊர் வழக்கமாக இருக்கலாம். ஆனால் விற்ற கல்லில் வந்த 12,000 ரூபாயும் அந்த அக்காக்களின் அரிவாளிலிருந்து வந்தது. அடுத்த வேலையில் கல்லுக்கு ஒன்றரை ரூபாய் என்று மேஸ்திரியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.